மேலே போகக் காசு

எங்கள் கட்டடத்து லிஃப்டில்
மேலே போகக் காசு போட வேண்டும்.
இறங்குவது இலவசம்.
இதில் தத்துவம் ஒன்றும் இல்லை என்று
வந்த அன்றே சொல்லிவிட்டார் ஐந்தாம் மாடி ஓட்டாரி.
கரண்ட் பில்லை யார் கட்டுவது, அவ்வளவுதான்.

குட்டாயிசியிலிருந்து இந்தத் திபிலிசிக்கு
மருந்துக்கடை வேலைக்கு வந்தவள் நான்.
நாள் முழுக்க மற்றவர்களுக்குச் சில்லறை எண்ணித் தருகிறேன்,
என் பையில் ஒருநாளும் சில்லறை இருப்பதில்லை.
பதினோராம் மாடிக்கு இருநூற்று இருபது படி.
எண்ணியிருக்கிறேன்.
ஆறாம் மாடியில் நாய் குரைத்துக் கணக்கு தப்பி
மறுநாள் முதலிலிருந்து எண்ணியது தனி.

மார்ச் மாதம் ஒரு மழை இரவு
காசுப் பெட்டியின் தலைமேல்
இருபது தெத்ரி.
யாரோ வைத்துவிட்டுப் போனது.
மறந்துபோன காசு இப்படி
நட்ட நடுவில் உட்கார்ந்திருக்காது.
திருடியைப் போலச் சுற்றிலும் பார்த்து
அதையே எடுத்து அதற்குள்ளேயே போட்டேன்.
லிஃப்ட் முனகிக்கொண்டு கிளம்பியது.

மறுநாள் நான் ஒன்று வைத்தேன்.
காலையில் காணவில்லை.
மாலையில் வேறொன்று, விளிம்பு நசுங்கியது.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன்.
தெருமுனையில் நிலவறைக்குள் ஜெமாலின் அடுப்பு.
கிணற்றில் எட்டிப் பார்ப்பவன்போல்
இடுப்புவரை உள்ளே கவிழ்ந்து
மண்சுவரில் மாவை அறைந்துவிட்டு நிமிர்வான்.
நடைபாதையை ஒட்டிய சன்னல் வழியாக
முதலில் ஒரு கை வரும்,
கையில் படகுபோல் நீண்ட ரொட்டி,
தாளுக்குள் அடங்காமல் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கு.
அந்த மூக்கோடு வீடுபோய்ச் சேர்ந்த ரொட்டி
இந்த ஊரில் ஒன்றுகூட இல்லை.

லிஃப்டில் நிற்கும்போது பார்ப்பேன்.
ஓட்டாரி இரண்டு மூக்கையும் தின்றிருப்பார்.
நான்காம் மாடி லமாரா டீச்சர் கணக்குப் பாடம்;
கத்தரித்ததுபோல் ஒரு துண்டு மட்டும் குறைந்திருக்கும்.
ஒன்பதாம் மாடி மாணவன் சாந்த்ரோவிடம்
ரொட்டி வாங்கிய தாள் இருக்கும்.

ஏப்ரலில் ஒரு நாள், கூட்டம் மும்முரத்தில்
யாரும் நான்காம் மாடிப் பொத்தானை அழுத்தவில்லை.
ஐந்தைத் தாண்டி, ஆறைத் தாண்டி,
ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே
கரண்ட் போய்விட்டது.

இருட்டு. நாலு பேர். மூன்று சூடான ரொட்டி.
சாந்த்ரோ போன் விளக்கைப் போட்டான்.
அணை, கண் கூசுகிறது என்றார் டீச்சர்.
ஓட்டாரி கையில் என்னவோ கிலுங்கியது.
பல்பு என்றார்.
படிக்கட்டுக்குப் போட வாங்கியதாம்.
சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல்
முதலில் வெடித்தது நான்தான்.

பிறகு யாரோ பிய்த்தார்கள்.
டீச்சர் பையிலிருந்து ஒரு கட்டு கொத்தமல்லி,
ஒரு உருண்டை உப்புப் பாலாடைக்கட்டி.
யார் கையில் யார் துண்டு என்று தெரியவில்லை.
நாற்பது நிமிடம் என்றான் சாந்த்ரோ பின்னால்.
எனக்கு அவ்வளவு இல்லை.

விளக்கு வந்ததும் ஓட்டாரிக்குக் கோபம்.
ஐந்தில் இறங்க வேண்டியவனை ஏழுக்கு மேல் ஏற்றினாயே,
கொடு என் காசை என்று
பெட்டியை ஓங்கி ஒரு அறை.
அது பயந்து மூன்று காசைத் துப்பியது.
எடுத்துப் பார்த்தார்,
ஒன்றன்மேல் ஒன்றாகப் பெட்டியின் தலையில் அடுக்கினார்.
கொத்தமல்லியைத் துப்பிக்கொண்டே
படியில் இறங்கிப் போனார்.

மறுநாள் காலை வேலைக்கு அவசரம்.
பதினொன்றில் கதவு திறந்தால்
உள்ளே ஒரு சிட்டுக்குருவி,
நேற்றைய பருக்கைகளைக் கொத்திக்கொண்டு.
கீழிருந்து ஏறி வந்திருக்கிறது,
யாரோ காசு போட்டிருக்கிறார்கள்.
ஓரமாக ஒதுங்கி நின்றுகொண்டேன்.
அது என்னைச் சட்டை செய்யவில்லை.

நான்காம் மாடியில் லிஃப்ட் நின்றது.
லமாரா டீச்சர்.
ஒரு காலை உள்ளே வைக்கப் போனவர்
குனிந்து பார்த்தார்,
காலை எடுத்துக்கொண்டார்.
நீங்கள் போங்கள் என்றார்,
என்னிடம் இல்லை.